புங்க மரத்தில் கிடந்த தூக்கம்

பொட்டல்குறிச்சிக்காரர்கள் ஒரு கலியாணத்துக்கோ ஒரு சாவுக்கோ காலம் சொல்ல வேண்டுமென்றால், புங்க மரம் தாழ்ந்திருந்தபோது என்பார்கள், அல்லது மரம் நிமிர்ந்த பிறகு என்பார்கள்; மரம் ஏன் தாழ்ந்தது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், ஒரு பிள்ளையுடைய தூக்கம் அதில் கிடந்தது, கனம் தாங்கவில்லை என்று, மழை பெய்தது ஓடை நிறைந்தது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்தத் தூக்கம் பஸ்ஸில் வந்தது. தாய் வீட்டில் பிள்ளை பெற்று, அதற்கு ஐந்தாம் மாதம் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு, தறி ஓடுகிற ஊரில் இருந்த புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய முப்பிடாதி என்ற பெண்தான் அதைக் கொண்டுவந்தாள். கிளம்பும்போது தெருப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் வந்து நின்று, பயணத்தில் பிள்ளைக்கு முதலில் கெடுவது தூக்கம்தான் என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஏறுவதற்கு முன்னால் பால் கொடுத்துவிடு என்றாள் ஒருத்தி. சக்கரத்துக்கு மேல் உட்காராதே, நடுவில் உட்கார் என்றாள் ஒருத்தி. காதை மூடிக் கட்டு, ஆனால் கண்ணை மூடிக் கட்டாதே என்றாள் இன்னொருத்தி. பிள்ளை இத்தனை நாளும் கிடந்த என் பழைய சேலையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போ, பச்சைப் பிள்ளைக்கு வீடு என்பது சுவரும் கூரையும் இல்லை, அந்தச் சேலையின் வாசம்தான் என்றாள் தாய். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து ஒன்று சொன்னாள்: வழியில் எந்த மரத்தில் தூளி கட்டினாலும், பிள்ளையை எடுப்பதற்கு முன்னால் தூளியைத் தட்டி, எந்திச்சு வா, போவோம் என்று கூப்பிட்டுவிட்டு எடு. பிள்ளையை நீ தூக்கிக்கொண்டு போவாய். அதன் தூக்கத்தை யார் தூக்குவது, அது கூப்பிட்டால்தான் வரும். முப்பிடாதி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், ஏறினாள், போனாள்.

பொட்டல்குறிச்சியின் எல்லையில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. கல் உடைக்கிற ஊர் அது; மலையைச் சரித்துக் கொண்டுவந்து கிரஷரில் போட்டு ஜல்லியாக்கி லாரியில் அனுப்புகிற ஊர்; அங்கே முருங்கை இலையும் வெள்ளை, மாட்டின் முதுகும் வெள்ளை, பிள்ளைகளின் புருவமும் வெள்ளை, எந்நேரமும் கிரஷரின் சத்தம் ஊருக்கு மேல் இன்னொரு வானம் போலக் கவிந்திருக்கும். கண்டக்டரும் டிரைவரும் ஸ்டெப்னியை இறக்கியபோது, வழியெல்லாம் சிணுங்கி வந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு முப்பிடாதி இறங்கினாள், டீக்கடையை ஒட்டி நின்ற புங்க மரத்தின் கிளையில் பழைய சேலையைக் கட்டினாள், பிள்ளையை அதில் போட்டு ஆட்டினாள். அந்தச் சத்தத்திலும் அந்தத் தூசியிலும் பிள்ளை உடனே உறங்கியது. உதட்டோரம் பால் காய்ந்திருக்க, உள்ளங்கை விரிந்திருக்க, பார்த்தவர்கள் நின்று பார்க்கும்படி உறங்கியது.

டயர் மாட்டியாயிற்று, விசில் அடித்தாயிற்று, எல்லோரும் ஏறியாயிற்று. பிள்ளையின் கனத்தில் சேலை முடிச்சு இறுகிப்போயிருந்தது. முப்பிடாதி ஒரு தோளில் பையும் ஒரு தோளில் பாட்டிலுமாக எட்டி எட்டி இழுத்தாள். ஒன் ஒருத்திக்காக வண்டி நிக்குமா தாயி, அங்க போயி வேற சேலை கட்டிக்கிடு என்று கண்டக்டர் சத்தம் போட, அவள் பிள்ளையை மட்டும் வாரிக்கொண்டு ஓடினாள். தட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை. பஸ் திரும்பும்போது பிள்ளை கண்ணைத் திறந்தது. பிறகு மூடவில்லை.

டீக்கடை இசக்கியம்மாளுடையது. அவள் புருஷன் பிச்சைக்கண்ணு குவாரியில் வெடி வைக்கப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அவளுக்குக் கண் அடைத்ததில்லை. எப்படியும் விழித்துத்தானே கிடக்கிறோம் என்று கடை போட்டாள், அதனால் அந்த ஊரில் எந்த ஷிப்ட் முடிந்து எப்போது வந்தாலும் டீ கிடைக்கும். பஸ் போன பிறகு, விட்டுப்போன சேலையை அவிழ்த்து வைப்போம், என்றைக்காவது கேட்டு வருவார்கள் என்று அவள்தான் மரத்தடிக்குப் போனாள். போனவள் கையை நீட்டியபடியே நின்றுவிட்டாள். தூளி உப்பியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் ஒரு பிள்ளை கிடக்கிற அளவுக்குக் குழிந்திருந்தது, தொட்டால் இளஞ்சூடாக இருந்தது, காதை வைத்தால் மூச்சு ஏறி இறங்கியது. இசக்கியம்மாள் அந்த இடத்திலேயே, வேரில் தலை வைத்து, அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து உறங்கினாள். டீக்கு வந்தவர்கள் அவளை எழுப்பப் போய் அவள் பக்கத்திலேயே படுத்தார்கள்.

விழித்த பிறகு ஊர் கூடிப் பேசியது. இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தூளியை ஆட்டலாமா கூடாதா என்பதில்தான் வழக்கு. வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இது வெறும் தூளியா, இல்லையா. ரேஷன் கடைக்காரர் தொங்கு தராசைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார், முள் அசையவில்லை. கிளை வளஞ்சிருக்கத நீரு பாக்கலியா, ஒம்ம தராசு என்னைக்கு ஒழுங்கா நிறுத்திச்சு என்று பெண்கள் கேட்டபோது அவர் தராசைச் சுருட்டிக்கொண்டார். கிரஷர் மேஸ்திரி சூசைதான் முடிவாகச் சொன்னார்: தூங்குகிற பிள்ளையை ஆட்டாமல் விட்டாலும் பாவம்தான், காற்று ஆட்டுகிற அளவுக்கு நாமும் ஆட்டுவோம்.

அப்படித்தான் அந்தத் தூக்கத்தை ஊர் வளர்த்தது. மழைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். காக்காய் விரட்ட முறை வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் துண்டை விரித்து மரத்தடியில் படுத்தார்கள், வீட்டில் கூரையைப் பார்த்துக் கிடந்தவர்கள் இங்கே படுத்த மாத்திரத்தில் உறங்கினார்கள், நாலு தெருவுக்குத் தெரியப் பகையாயிருந்த இரண்டு பேர் ஒருத்தர் கால்மாட்டில் ஒருத்தர் தலை வைத்து உறங்கினார்கள், ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு உறங்கின, லாரி டிரைவர்கள் டீ குடிக்க இறங்கி டீ ஆறும்வரை உறங்கினார்கள். கிரஷர் முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு, தூங்கி எழுந்தவன் கை பெல்ட்டில் மாட்டுவதில்லை என்று கண்டுகொண்டு பேசாமலிருந்தார். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருத்தர் விரலைக் கொடுத்த ஊரில், மரம் தாழ்ந்திருந்த காலம் முழுவதும் எல்லோர் விரலும் அவரவர் கையிலேயே இருந்தன.

மரம் தாழ்ந்துகொண்டே வந்தது. இத்தனை பேரின் அசதியும் போய்ச் சேர்ந்தால் சேலை தாழாமல் என்ன செய்யும். கிளைக்குக் கவைக்கம்பு முட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சேலைக்குரிய பிள்ளை எங்கோ ஓர் ஊரில் விழித்துக் கிடக்கும் என்பது பொட்டல்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சில சமயம் ஒரு பஸ் வேகம் குறைத்தால் மட்டும், மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இசக்கியம்மாளுக்கு உறக்கத்தில் பிச்சைக்கண்ணு வந்தான். தலையெல்லாம் கல்தூசியோடு வந்து திண்டில் உட்கார்ந்து, வெந்நீர் கேட்பதுபோல அவளைப் பார்ப்பான். அவள் வெந்நீர் வைப்பாள். அவ்வளவுதான் கனவு. வேறு ஒன்றும் பேசுவதில்லை.

தறி ஓடுகிற ஊரில் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் முப்பிடாதி தாங்கியிருப்பாள். கணக்குப் பார்க்கிற கிழவரைப் போல அது விட்டத்தையும் விளக்கையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கண்ணின் வெள்ளை சிவந்து, பிறகு மஞ்சளித்து, கன்னம் வற்றி, பால் இறங்கவில்லை. மாமியார் வசம்பு உரைத்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தில் மாமனார் நன்றாக உறங்கினார், பிள்ளை உறங்கவில்லை. பெண்கள் ஆளுக்கொரு தாலாட்டாகப் பாடிப் பாடித் தங்கள் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போனார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இது தாங்கும் என்று டாக்டர் அவள் புருஷனைத் தனியாக அழைத்துச் சொன்னதை அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

மறுநாள், எதிர் வீட்டுக்காரி தெருவில் மண் விளையாடிய மகளை, எந்திச்சு வாட்டி, போவோம் என்று கூப்பிட்டாள். முப்பிடாதி அரிசி களைந்த கையோடு அப்படியே எழுந்து, பிள்ளையை இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஊரின் பெயர் அவளுக்குத் தெரியாது. மரம் வெள்ளையாக இருந்தது என்பது மட்டும் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த மரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள், பிள்ளையும் பார்த்துக்கொண்டே வந்தது.

பொட்டல்குறிச்சியில் அவள் இறங்கியபோது இளவெயில். மரத்தடியில் ஷிப்ட் முடித்த ஆட்கள் கிடந்தார்கள். முதலில் கண்ணைத் திறந்தவர் சூசை. அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, இடுப்பிலிருந்த பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து துண்டை உதறினார். அடுத்தவன் எழுந்தான், அவனுக்கு அடுத்தவன் எழுந்தான், ஆடுகளும் எழுந்து தள்ளி நின்றன. தெருவுக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள், ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. முட்டுக் கொடுத்த கிளையிலிருந்து தரையைத் தொடுகிற மாதிரி தொங்கிய தன் தாயின் சேலையை முப்பிடாதி பார்த்தாள், பிள்ளையை அதில் கிடத்தக் குனிந்தாள்.

"போட்டுராத தாயி," என்றார் சூசை. "இது இப்பம் பிள்ளத் தூக்கமா இல்ல. நாங்க ஊரே இதுக்குள்ள கெடக்கோம். பிஞ்சு அமுங்கிப் போவும்."

அவள் குனிந்தபடியே நின்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, அப்போ நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லப் பொட்டல்குறிச்சிப் பெண்களுக்கு நேரமில்லை; அவர்கள் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து மரத்தடியில் போட்டு, அன்றைக்கு அவிழாத அந்த முடிச்சைக் கல் சுமந்த கைகளால் ஒரே இழுப்பில் அவிழ்த்து, ஆறு பேர் தாங்கிப் பிடித்துச் சேலையைக் கட்டிலில் விரித்து, சுற்றி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆளாளுக்கு வந்து அவரவர் தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். சூசையுடையது சாக்குமூட்டை கனம், முழங்கால் வலியின் நிறம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தள்ளிப் போனார். லாரிக்காரன் ஒருவனுடையதில் டீசல் வாடை அடித்தது. புதிதாகக் கலியாணமான ஒரு பெண்ணுடையதை எடுத்தபோது உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவதுபோலச் சத்தம் வந்தது, அவள் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எந்நேரமும் குடித்திருந்த ஒருவனுக்குத் தன்னுடையதை அடையாளம் தெரியவில்லை; எல்லாத்துக்கும் கடைசியா நாறிக்கிட்டுக் கெடக்கும் பாரு அதான் ஒனக்குள்ளது என்று அவன் பெண்டாட்டி எடுத்துக் கொடுத்தாள். எடுத்துக்கொண்டவர்கள் கண்ணில் மறுபடி மணல் உறுத்தியது. பெல்ட்டில் கை வைக்கிறவர்கள் தங்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வரிசை நிற்கவில்லை.

கடைசியில் சேலையில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. பால் வாசம் அடித்தது. அதைச் சிந்தாமல் சேலையோடு தூக்கி மறுபடி கிளையில் கட்டினார்கள். கிளை நிமிர்ந்திருந்ததால் எட்டிக் கட்ட வேண்டியிருந்தது. முப்பிடாதி பிள்ளையைக் கிடத்தினாள். ஆட்டினாள்.

பிள்ளை ஒரு கண்ணை மூடியது.

மற்றது மூடவில்லை. இடது பக்கம் உறங்கியது, இடது கை விரிந்து கிடந்தது, இடது மூக்கில் மூச்சு சீராக வந்தது. வலது கண் மட்டும் மரத்தையும் மரத்துக்கு மேலேயும் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் ஒருவரையொருவர் பார்த்தது. எடுக்காதவர்கள் யார், எடுத்தவர்களில் கூடுதலாக எடுத்தவர்கள் யார் என்று மெல்லப் பேச்சு எழுந்தது. உறங்காமல் வீட்டில் கிடந்த கிழங்களையெல்லாம் கட்டிலோடு கொண்டுவந்து கேட்டார்கள். மடிகளை உதறிக் காட்டினார்கள்.

இசக்கியம்மாள் மட்டும் கடையை விட்டு வரவில்லை. அவள் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், குடிக்க யாருமில்லாத டீயை ஆற்றி ஆற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி தூளியை ஆட்டச் சொல்லி ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு, தண்ணீர் கேட்பதற்காகக் கடைக்கு வந்தாள். இசக்கியம்மாள் அவளைப் பார்க்காமலே பேசினாள்.

"ஏட்டி, என்கிட்ட கொஞ்சம் இருக்கு."

முப்பிடாதி தண்ணீருக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒன் சேலைக் கரையில ஒரு சாண் கிழிச்சு வச்சிருக்கேன். தலைக்கடியில வச்சுக்கிடுவேன். மரத்தடியில எல்லாவளும் பாத்துக்கிட்டு இருக்கையில அவுக வரமாட்டாக. வீட்டுலன்னா வருவாக." அவள் டம்ளரைத் துடைத்தாள். "செத்துப்போன மனுஷன். வெந்நி வச்சுக் குடுப்பேன். வேற ஒண்ணுமில்ல."

முப்பிடாதிக்கு அழுகை வந்தது. அவளும் எத்தனையோ நாளாக உறங்காதவள். அந்த ஊரிலேயே, ஏன் அந்த ஜில்லாவிலேயே, இசக்கியம்மாள் சொன்னதை அவளைப் போல விளங்கிக்கொள்ளக்கூடியவர் வேறு ஒருவரும் இல்லை. மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு கண்ணு மூடிட்டுல்லா யக்கா. அது போதும். நீங்க வச்சுக்கிடுங்க."

இசக்கியம்மாள் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே மை அப்பினாற்போலக் கறுத்து, உதடு வெடித்து, ஒரு பொய்யைச் சரியாகச் சொல்லக்கூடத் தெம்பில்லாத முகம்.

"ஒத்தக் கண்ணுத் தூக்கம் ஒரு தூக்கமாட்டி," என்றாள். "கோட்டிக்காரி."

அவள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தமும், பானையில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்காதவர்கள் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வந்தபோது அவள் உள்ளங்கையில் நீலக்கரை போட்ட ஒரு துண்டுத் துணி, கோழிக்குஞ்சைப் பொத்திவருவதுபோலப் பொத்தியிருந்தது. நேரே மரத்தடிக்குப் போய்ப் பிள்ளையின் வலது கன்னத்துக்கு அடியில் அதைச் செருகினாள்.

வலது கண் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தது. பிறகு மூடியது.

பஸ் வந்ததும் சூசை நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நிறுத்தி, டிரைவரிடம் காதோடு காதாக ஏதோ சொன்னார். கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்தவர்கள் நடுச் சீட்டைக் காலிசெய்து, சக்கரத்துக்கு மேலேயிருந்த சீட்டுகளுக்கு மாறினார்கள். முப்பிடாதி தூளியைத் தட்டினாள், மெல்லக் கூப்பிட்டாள், காத்து நின்றாள், மறுபடி கூப்பிட்டாள், சேலையை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு, நிறைகுடம் சுமப்பவள்போல அடி வைத்து ஏறினாள். அதற்குள் சூசை மேட்டுக்கு ஓடிப் போய்க் கிரஷரை நிறுத்தியிருந்தார். டிரைவர் எஞ்சினைப் போடாமல் வண்டியைச் சரிவில் உருளவிட்டார்; அது ஓர் ஓடம்போலச் சத்தமில்லாமல் ஊரைக் கடந்து போனது.

கிரஷர் நின்ற ஊர் எப்படியிருக்கும் என்று அங்கே பிறந்த பல பேருக்குத் தெரியாது. ஓடையில் ஒரு தவளை கத்துவது கேட்டது. யாரோ இருமியது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. கல் ஏற்ற வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, டிரைவர்கள் இறங்கி, காரணம் கேட்டு, தாங்களும் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மரத்தடியில் யாரும் படுக்கவில்லை. படுத்தாலும் இனிக் கண் மூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துதானிருந்தது. கடையில் இசக்கியம்மாள் ஆறிப்போன டீயை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் ஊற்றி, டம்ளரோடு டம்ளர் இடிக்காமல் கழுவிக் கவிழ்த்தாள்.

முதலாளி வந்து கேட்டார். சூசை சுவிட்சில் கையை வைத்தபடி, மேட்டிலிருந்து கடையைப் பார்த்து, போடட்டுமா மயினி என்று சைகையில் கேட்டார். அந்த வழியில் போகிற பஸ் எந்த நேரத்துக்கு எந்த ஊரைத் தாண்டும் என்று, இத்தனை வருஷமாகக் கண் மூடாமல் கிடந்து கேட்டவளுக்குத் தெரியாதா. இசக்கியம்மாள் ரோட்டைப் பார்த்தாள். இந்நேரம் ஓடைப்பாலத்தில் ஏறியிருக்கும். அங்கே ரோடு மோசம், கொஞ்சம் தூக்கிப் போடும். அதற்கப்புறம் புளியங்கிணறு வரைக்கும் நல்ல ரோடு.

"இன்னும் கொஞ்சம் போவட்டும்," என்றாள்.